ஆறாவது அறிவிப்பு

ரவ்தா கம்மூன் ஸ்ஃபாக்ஸ் ஊர்க்காரி. ஸ்ஃபாக்ஸ்காரர்கள் வார்த்தையைக்கூட எடை போட்டுத்தான் வெளியே விடுவார்கள் என்று தலைநகரான துனிஸில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. ரவ்தாவிடம் அந்தத் தராசும் சற்றுக் குறைத்தே நிறுக்கும். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று ஹாதெம் கேட்டபோது, "ம்" என்றாள். பூகோள வாத்தியாரான ஹாதெம் அந்த ஒரு எழுத்துக்குப் பதவுரை தேடி ஒரு வாரம் தூங்காமல் கிடந்தார் என்று அவரே சொல்வார்.

அப்படிப்பட்டவளிடம், யாருக்கு எதை எப்போது சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலையைக் கொடுத்தது கம்பெனி.

கம்பெனி துனிஸை ஒட்டிய அரியானாவில் இருந்தது. தொலைபேசி நிலையங்களில் வைக்கும் ரவுட்டர் பெட்டிகளைச் செய்தார்கள். பெட்டிக்குள் ஓடுவதற்குச் சொந்தமாக ஓர் இயங்குதளமும் வைத்திருந்தார்கள். அதன் பெயர் மஷ்மூம். கோடைகாலச் சாயங்காலத்தில் ஆண்கள் காதில் செருகிக்கொள்ளும் மல்லிகைச் செண்டுக்கு மஷ்மூம் என்று பெயர். அதை எடுத்து ஓர் இயங்குதளத்துக்குச் சூட்டியவர் வடிவமைப்பு இயக்குநர் மொன்ஸெஃப்; மரியாதைக்கு ஸீ சேர்த்து, ஸீ மொன்ஸெஃப் என்பார்கள். வாடிக்கையாளர் காதில் பூ வைப்பது என்று முடிவான பிறகு, அதைப் பகிரங்கமாகவே அறிவித்துவிடும் நேர்மை அவருக்கு இருந்தது.

ரவ்தா மஷ்மூமின் அடிமட்டத்தில், கெர்னலில் வேலை பார்த்தாள். ஆறு பேர் உள்ள நெட்வொர்க் பிரிவில் மூத்தவள். அந்த வருஷம் வந்த சிக்கல் இதுதான்: பெட்டியில் யாரோ ஒரு கேபிளைச் சொருகுகிறார்கள், அல்லது பிடுங்குகிறார்கள். அது முதலில் தெரிவது கெர்னலுக்கு. அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் இருபது முப்பது புரோகிராம்களுக்கு, வழி தேடுவது, கணக்கெடுப்பது, காவல் பார்ப்பது என்று ஆளுக்கொரு வேலை. அவர்களுக்கு விஷயம் தெரிய ஒழுங்கான ஏற்பாடு எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் விநாடிக்குப் பத்துத் தடவை கெர்னலின் கதவைத் தட்டி, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் பாதி உழைப்பு, "ஒன்றுமில்லை, போ" என்று சொல்வதிலேயே போனது.

ரவ்தா பத்து நாள் யோசித்து மூன்று பக்கம் எழுதினாள். மொத்தம் ஐந்தே அறிவிப்புகள். இணைப்பு வந்தது. உயிர் பெற்றது. உயிர் விட்டது. அதன் அமைப்பு மாறியது. கழற்றப்பட்டது. கேட்க விரும்புகிறவர்கள் பெயர் கொடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொருவர் வாசலிலும் அறுபத்துநான்கு கடிதம் கொள்ளும் பெட்டி ஒன்று. கெர்னல் கடிதத்தைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். யாருடைய பதிலுக்கும் காத்திருக்காது, யாரிடமும் அனுமதி கேட்காது.

ஸீ மொன்ஸெஃப் படித்தார். வெளிநாட்டில், கிரனோபிளில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் தானே இருக்க வேண்டும் என்று நினைக்கும் ஜாதி.

"நல்லா இருக்கு, ரவ்தா. ஆனா கொஞ்சம் ஏழ்மையா இருக்கே?"

"அஞ்சு போதும் ஸீ மொன்ஸெஃப். கேபிளுக்கு அதுக்கு மேல வாழ்க்கையில எதுவும் நடக்காது."

"அதை நாம ரெண்டு பேர் முடிவு பண்ணக் கூடாது. எல்லாரையும் கேக்கணும். ஒரு கமிட்டி போடலாம்."

கமிட்டி போட்டார்கள். ஜூலை மாசம், மதியம் இரண்டு மணிக்கெல்லாம் ஆபீஸ் மூடிவிடும் கோடை நேரம். அதனால் பதினொரு மணிக்குக் கூடுவார்கள். முக்கால் மணி நேரம் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். அரை மணி நேரம் ஏ.சி.யைப் பற்றி, மிச்ச நேரத்தில் ஆளுக்கு இரண்டு அறிவிப்பு கேட்டுவிட்டுக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். செப்டம்பர் பிறந்தபோது ஐந்து அறிவிப்புகள் நாற்பத்தேழு ஆகியிருந்தன. இணைப்பு துண்டிக்கப்படப் போகிறது. துண்டிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. துண்டிக்கப்பட்டது. துண்டிக்கப்பட்டது உறுதி செய்யப்பட்டது. செத்துப்போன ஒருவருக்கு இத்தனை சடங்கு பணக்கார வீட்டில்கூட நடக்காது.

பாதுகாப்புப் பிரிவுத் தலைவருக்கு அதுவும் போதவில்லை. தங்கள் பிரிவு சம்மதிக்காமல் எந்த இணைப்பும் துண்டிக்கப்படக் கூடாது என்றார்.

ரவ்தா அன்றைக்குத் தன் ஒரு மாதத்து வார்த்தைகளை ஒரே மூச்சில் செலவழித்தாள். "யாரோ கேபிளைப் பிடுங்கிட்டான். கையில வச்சிருக்கான். கெர்னல் உங்ககிட்ட வந்து கேக்குது. நீங்க 'அனுமதி இல்லை'ங்கறீங்க. சரி, அப்புறம் கேபிள் என்ன பண்ணணும்? தப்பு பண்ணிட்டேன்னு தானா திரும்பி வந்து சொருகிக்கணுமா?"

"அதெல்லாம் உங்க பிரிவு பாத்துக்கணும் மேடம். எங்களுக்கு அதிகாரம் இருக்கணும், அவ்வளவுதான்."

கூட்டம் தலையாட்டியது. நியாயமான கோரிக்கை என்று குறிப்பில் ஏறியது.

கடைசியாக ஸீ மொன்ஸெஃப் தன் பங்கைச் சேர்த்தார். அறிவிப்பைப் பெற்ற ஒவ்வொருவரும் "பெற்றுக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். எல்லாரும் சொல்லி முடிக்கும் வரை கெர்னல் நின்று காத்திருக்க வேண்டும். அதுதான் மரியாதை.

"யாராவது ஒருத்தன் பதில் சொல்லாம தூங்கிட்டா, மொத்தப் பெட்டியும் நின்னுபோகும்" என்றாள் ரவ்தா.

"ஒழுங்கா எழுதினா யாரும் தூங்க மாட்டாங்க."

"ஒழுங்கா எழுதறவங்களுக்குக் கமிட்டி எதுக்கு?"

இது மட்டும் குறிப்பில் ஏறவில்லை.

அவளும் எழுதித்தான் கொடுத்தாள். நாற்பத்தேழையும். அவளோடு உட்கார்ந்து எழுதியவன் வஜ்தி, முப்பது வயசு, பிரிவிலேயே கெட்டிக்காரன். ரவ்தாவை அக்கா என்றுதான் கூப்பிடுவான். முப்பதாவது அறிவிப்பு வந்தபோது, "அக்கா, நாம கெர்னல் எழுதறோமா, இல்ல ரேடியோ ஸ்டேஷன் நடத்தறோமா?" என்று கேட்டான். ரவ்தா, "ம்" என்றாள்.

அடுத்த ஜூனில் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். தொலைபேசிக் கம்பெனி ஒன்றிலிருந்து ஐந்து பேர், ஐந்து பேரும் கோட்டுப் போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார்கள். ஸீ மொன்ஸெஃப் ஒரு சின்னப் பேருரை ஆற்றினார். பிறகு, "இப்போ பாருங்க, ஒரு இணைப்பு துண்டிக்கப்பட்டதும் எங்க மஷ்மூம் எவ்வளவு நாகரிகமா அதை எல்லாருக்கும் தெரிவிக்குதுன்னு" என்று சொல்லி, தன் கையாலேயே கேபிளைப் பிடுங்கினார்.

மஷ்மூம் நாகரிகமாகத்தான் நடந்துகொண்டது. இணைப்புகளின் பட்டியலை யாரும் தொடாதபடி பூட்டியது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் வரிசையாகச் செய்தி சொல்லி, பெற்றுக்கொண்டேன் என்ற பதிலுக்குக் காத்து நின்றது. கணக்கெடுக்கும் புரோகிராமுக்கு முறை வந்தது. அது செய்தியைக் குறித்துக்கொள்ளப் போனது. குறிப்பதற்கு இணைப்பின் பெயர் வேண்டும். பெயர் பட்டியலில் இருக்கிறது. பட்டியல் பூட்டியிருக்கிறது. பூட்டைத் திறந்தால் பெயர் பார்த்துப் பதில் சொல்லிவிடுவேன் என்று கணக்கு காத்திருந்தது. பதில் சொன்னால் பூட்டைத் திறந்துவிடுவேன் என்று கெர்னல் காத்திருந்தது. காபிக் கடை வாசலில் "நீங்க முதல்ல", "இல்ல, நீங்க முதல்ல" என்று நிற்கும் இரண்டு கனவான்களைப் போல இருவரும் நின்றார்கள். பின்னால் மொத்தப் பெட்டியும் வரிசையில் நின்றது.

திரையில் ஒன்றும் அசையவில்லை. பெட்டியின் முகப்பில் அந்த இணைப்புக்குரிய பச்சை விளக்கு மட்டும் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

ஐவரில் வயசானவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "கேபிள் உங்க கையில இருக்கு. விளக்கு பச்சையா எரியுது. இதுல யாரு பொய் சொல்றாங்க?"

"இது... அவசரப்படாத வடிவமைப்பு" என்றார் ஸீ மொன்ஸெஃப்.

கேபிளைத் திரும்பச் சொருகினார். அசையவில்லை. பிடுங்கினார். அசையவில்லை. மூன்றாவது தடவை சொருகப் போனபோது ரவ்தா எழுந்து போய், சுவரிலிருந்த மின்சார பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. அன்றைய காட்சியில் ஒழுங்காக வேலை செய்த துண்டிப்பு அது ஒன்றுதான். வஜ்திக்குச் சிரிப்பு வந்து, இருமுவதாகச் சொல்லிக்கொண்டு வெளியே ஓடினான். விருந்தாளிகளுக்குச் சுடச்சுட, மாவில் மடித்துப் பொரித்த பிரீக்கும் எலுமிச்சைச் சாறும் வந்தன. பிரீக்கைக் கடித்ததும் உள்ளே இருந்த முட்டை ஒருவர் கோட்டில் வழிந்தது. அந்த அமளியில் கொஞ்சம் மானம் தப்பியது.

மறுநாள் ஸீ மொன்ஸெஃப் ரவ்தாவின் மேசைக்கு வந்தார். அவர் யார் மேசைக்கும் போகிறவர் இல்லை.

"அந்த மூணு பக்கம்... இன்னும் வச்சிருக்கியா?"

"இருக்கு. கொஞ்சம் ஏழ்மையா இருக்கும். பரவாயில்லையா?"

நான்கு வாரத்தில் நாற்பத்தேழு மறுபடி ஐந்தானது. காத்திருப்பு போனது, அனுமதி போனது. பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் மட்டும் தன் அதிகாரம் பறிபோனதாக மனு எழுதிவிட்டு விடுமுறையில் போனார். தொலைபேசிக் கம்பெனி பெட்டியை வாங்கிக்கொண்டது. ஸீ மொன்ஸெஃப் ஹம்மாமெத்தில் ஒரு ஹோட்டலில், 'குறைவின் துணிச்சல்' என்ற தலைப்பில் உரையாற்றினார். ஐந்து என்ற எண்ணுக்குத் தான் வந்து சேர்ந்த ஆன்மிகப் பயணத்தை அவர் விவரித்தபோது ரவ்தா பின்வரிசையில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மீன் நன்றாக இருந்தது என்று ஹாதெமிடம் சொன்னாள். உரையைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த உரைக்காக ஸீ மொன்ஸெஃபைத் துணைத் தலைவர் ஆக்கினார்கள். கமிட்டித் தலைமை ரவ்தாவுக்கு வந்தது.

இதுவரை கேட்டால், நல்லவள் ஜெயித்தாள் என்று கதையை மூடிவிடத் தோன்றும். பாவம், ஜெயித்தவர்களுக்கு அதற்குப் பிறகும் வேலைக்கு வர வேண்டியிருக்கிறதே.

தலைவி ஆன ரவ்தாவுக்கு ஒரு ருசி தட்டுப்பட்டது: இல்லை என்று சொல்லும் ருசி. இரண்டு வருஷத்தில் புது அறிவிப்பு கேட்டு நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பம் வந்தன. நூற்றுப் பன்னிரண்டையும் திருப்பி அனுப்பினாள். முதலில் காரணம் எழுதினாள், அப்புறம் காரணத்தின் எண்ணை எழுதினாள், அப்புறம் 'லா' என்று மட்டும் எழுதினாள். லா என்றால் இல்லை. மரியாதைப்பட்ட பெண்களை லல்லா என்று அழைப்பது வழக்கம் ஆதலால், ஆபீசில் அவளை லல்லா ரவ்தா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டுச் சொல்வார்கள். லா லா ரவ்தா. அவளுக்குப் புரிந்தது. உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

நூற்றுப் பன்னிரண்டில் இரண்டு விண்ணப்பம் வஜ்தியுடையவை. இரண்டும் ஒரே விஷயம்.

"அக்கா, வாசல் பெட்டியில அறுபத்துநாலு கடிதம் நிறைஞ்சுட்டா என்ன பண்றோம்?"

"அறுபத்தஞ்சாவதைத் தூக்கிப் போடறோம்."

"அந்த ஆளுக்கு அது தெரியுமா?"

"அறுபத்துநாலு கடிதம் வர்ற வரைக்கும் கதவைத் திறக்காத சோம்பேறிக்கு அறுபத்தஞ்சாவது எதுக்கு?"

"சோம்பேறியாவே இருக்கட்டும். சிலது தொலைஞ்சுபோச்சு, நீயே வந்து பாத்துக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லலாமே? ஆறாவதா ஒரு அறிவிப்பு."

"அதைச் சொல்ற கடிதத்தை எங்க வைப்ப? அதுக்கு இடம் இருந்தா நான் அறுபத்தஞ்சாவதையே வச்சிடுவேனே!"

கமிட்டி அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பதில்தான். நல்ல பதிலாக இருந்ததால், சரியான பதிலா என்று யாரும் பார்க்கவில்லை. வஜ்தி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரவ்தா அதற்குள் 'லா' எழுதி முடித்திருந்தாள்.

மூன்றாவது வருஷம் மார்ச்சில் கெபிலியில் மணல் காற்று அடித்தது. பாலைவன ஓரத்து ஊர். அங்கே மார்ச்சில் மணல் அடிக்காவிட்டால்தான் செய்தி. அங்கிருந்த தொலைபேசி நிலையத்தில் ஒரு கேபிளின் பிடி தளர்ந்திருந்தது. காற்றில் கட்டடம் அதிர அதிர, இணைப்பு செத்துச் செத்துப் பிழைத்தது, நிமிஷத்துக்கு நூறு தடவை. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கடிதம், ஒவ்வொரு பிழைப்புக்கும் ஒரு கடிதம். வழி தேடும் புரோகிராம் முதல் கடிதத்தைப் படித்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும்போதே அதன் கடிதப் பெட்டி நிரம்பிவிட்டது. கெர்னல் விதிப்படி மிச்சத்தைத் தூக்கிப் போட்டது. காற்று நின்றது. இணைப்பு உயிர் பெற்று உறுதியாக நின்றது. அந்தக் கடைசி 'உயிர் பெற்றது' தூக்கிப் போட்டவற்றில் இருந்தது. பெட்டியில் கிடந்தவற்றில் கடைசிக் கடிதம், 'உயிர் விட்டது'.

நிலையத்தின் டெக்னீஷியன் ஸுஹைர் மூன்று நாள் பொறுத்துவிட்டு, யார் யாரையோ கேட்டு, நேராக ரவ்தாவுக்கே போன் செய்தார்.

"மேடம், இணைப்பு கல்லு மாதிரி இருக்கு. உங்க பெட்டி மட்டும் அது செத்துப்போச்சுன்னு சாதிக்குது. அதனால ஊர்ப் பேச்சு முழுக்க அவசரத்துக்கு வச்ச பழைய ரேடியோ வழியா போகுது. பொண்டாட்டியோட பேசினா அவ பதில் அரை நிமிஷம் கழிச்சு வருதுன்னு ஊர்ல பாதிப் பேரு சந்தோஷமா இருக்கான். மிச்சப் பாதி என்னை உதைக்க வர்றான்."

"கேபிள் பிடி தளர்ந்திருக்கும். பாருங்க."

"அதை அன்னிக்கே இறுக்கிட்டேன். பிணம் எழுந்து உக்காந்து காபி கேக்குது மேடம். உங்க பெட்டி துக்கம் விசாரிக்கறதை நிறுத்த மாட்டேங்குது."

ரவ்தா மணலைக் குறை சொன்னாள். கேபிள் செய்தவனைக் குறை சொன்னாள். கடிதத்தை மெதுவாகப் படிக்கும் புரோகிராமை எழுதியவனை, அவன் ராஜினாமா செய்து நாலு மாதம் ஆகியிருந்தும், குறை சொன்னாள். பெட்டியை அணைத்துப் போடச் சொல்லி அப்போதைக்கு ஊர் வாயை அடைத்தாள். பிறகு வஜ்தியைக் கூப்பிட்டு, எத்தனை கடிதம் தொலைந்தது என்று கேட்டாள்.

"தெரியாது அக்கா."

"ஏன் தெரியாது?"

"எண்ணற மாதிரி நாம வைக்கலையே."

அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஹாதெம் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ரவ்தா வாசற்படியிலேயே ஆரம்பித்தாள். மணல், கேபிள், ராஜினாமா செய்தவன், கமிட்டியின் தொல்லை. ஹாதெம் இத்தனை வார்த்தைகளை அவளிடம் ஒரு சேரக் கேட்டது அபூர்வம். ஆனாலும் பயப்படாமல் கேட்டார்.

"வஜ்தி சொன்னது சரியா?"

"அது இல்ல விஷயம்."

"சரி. ஆனா சரியா?"

ரவ்தா ஷூவைக் கழற்றினாள். இன்னொரு ஷூவையும் கழற்றினாள்.

"சரி."

"அப்போ வந்து இந்தப் பட்டாணியை உரி. விரல் வலிக்குது."

பட்டாணி உரித்தாள். உரித்தபடியே, அறுபத்தைந்தாவது கடிதத்தை வைக்க இடமில்லையே என்ற தன் அழகான பதிலைத் திருப்பிப் பார்த்தாள். அறை முழுக்கச் சிரிக்கவைத்த பதில்; இப்போது சமையலறையில், சிரிக்க ஆளில்லாமல் பார்த்தால் அசட்டுத்தனமாக இருந்தது.

மறுநாள் காலை வஜ்தியின் மேசைக்குப் போனாள்.

"அன்னிக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தியே. என்ன அது?"

"எப்போ?"

"கடிதத்தை எங்க வைப்பன்னு நான் கேட்டப்போ."

வஜ்தி தலையைச் சொறிந்தான். "கடிதமே வேண்டாம் அக்கா. கதவுல ஒரு சாக்பீஸ் கோடு போதும். ஒரே ஒரு பிட். ஏதாவது தொலைஞ்சா கோடு போடறோம். அவன் கதவைத் திறக்கும்போது கோட்டைப் பாத்தான்னா, கடிதத்தையெல்லாம் தள்ளிட்டு, இப்போ நிலவரம் என்னன்னு நேரா வந்து பாத்துக்குவான். ஆயிரம் தொலைஞ்சாலும் அதே ஒரு கோடுதான். இடமே வேண்டாம்."

"இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"நீங்க 'லா' எழுதிட்டீங்க."

இரண்டே நாளில் எழுதினார்கள். மொத்தம் நாற்பது வரிகூட வரவில்லை. மாற்றக் குறிப்பை ரவ்தா தானே எழுதினாள்: 'ஆறாவது அறிவிப்பு. யோசனை: வஜ்தி. இரண்டு முறை மறுத்தது: ரவ்தா கம்மூன். மறுப்புக்குக் காரணம் எதுவும் இல்லை.' கம்பெனியில் யாரும் தன் தப்பைத் தன் பெயரோடு எழுதிக் கண்டதில்லை. அதனால் சிலர் இது ஏதோ உள்குத்து என்று நினைத்து இரண்டு வாரம் ஆராய்ந்தார்கள்.

கமிட்டியில் விஷயத்தைச் சொன்னபோது பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ கதவு திறந்தாச்சு. எங்க அனுமதி விஷயத்தையும்..."

"லா" என்றாள் ரவ்தா.

புதுப் பதிப்பை ஏற்றிய பிறகு ஸுஹைரிடம் கேபிளைச் சொருகிச் சொருகிப் பிடுங்கச் சொன்னார்கள். கால் மணி நேரம் கை வலிக்கப் பிடுங்கிவிட்டு, கடைசியில் சொருகியபடி விட்டார். புரோகிராம் கோட்டைப் பார்த்தது, நிலவரம் கேட்டது, இணைப்பு உயிரோடு இருப்பதை ஒப்புக்கொண்டது. நன்றிக்கு ஸுஹைர் ஒரு பெட்டி தெக்லா பேரீச்சம்பழம் அனுப்பினார். அது தலைமை அலுவலகம் வழியாக வந்ததால் ரவ்தாவின் மேசைக்கு வரும்போது பெட்டி மட்டும் முழுசாக இருந்தது. ஸீ மொன்ஸெஃப் அந்த இலையுதிர் காலத்தில் வேறொரு கம்பெனிக்குப் போனார். 'இழப்பை ஒப்புக்கொள்ளும் கலை' என்று ஓர் உரை வைத்திருப்பதாகக் கேள்வி.

வஜ்தி அடுத்த வருஷம் மூனிக்கில் வேலை கிடைத்து ராஜினாமாக் கடிதம் கொடுத்தான். ரவ்தா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பேசினாலும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது என்பதால் அவன் அதைக் கவனிக்கவில்லை. கடைசி நாள் மத்தியானம் முனைக் கடையில் மெலாவி ரொட்டி வாங்கித் தந்தாள். ஹரிஸ்ஸா மிளகாய் விழுது அதிகம் போட்டிருந்தான் கடைக்காரன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. காரணம் கேட்க வேண்டிய அவசியமில்லாமல் போனது.

"நூத்துப் பன்னிரண்டுல, உன்னோடதைத் தவிர வேற ஏதாவது சரியா இருந்திருக்குமா?" என்று கேட்டாள்.

வஜ்தி யோசித்தான். "ரெண்டு மூணு இருக்கும் அக்கா."

"எது எது?"

"ஞாபகம் இல்ல. நான் என்னோடதுக்காக மட்டும்தான் கோபப்பட்டேன்."

ரவ்தா கை துடைத்துக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பினாள். கோப்புகளில் பழைய விண்ணப்பங்கள் இருந்த அலமாரியைத் திறந்து, தேதி வரிசையில் முதல் கட்டை எடுத்து மேசையில் போட்டாள். மேலே இருந்தது பாதுகாப்புப் பிரிவுத் தலைவருடையது. அதைப் படிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, இரண்டாவதை எடுத்தாள்.